அடுக்களையின் கண்ணாடிப் போத்தல்கள்



இலக்கியத் தொடரில் ஊறுகாய்ப் போத்தலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் எங்கள் ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "தமிழிலே வேறு பொருள் ஒன்றும் அகப்படவில்லையா?" என்று கேட்டார். அகப்படாமல் இல்லை. ஆனால் பத்துப்பாட்டைப் படிப்பிக்கின்ற எவரும் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுப் படிப்பிக்க முடியாது. ஆற்றுப்படை நூல்கள் பாணனுக்கு வழி சொல்லுகின்றன என்போம். உண்மையில் அவை வழியைச் சொல்வதிலும் பார்க்க, வழிநெடுக எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்பதையே அதிக ஆசையோடு சொல்லுகின்றன. பசித்தவனுக்கு அதுதானே வழி.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணன் அந்தணர் வீட்டில் சோற்றோடு மாவடுவில் இட்ட காடியைப் பெறுவான் என்று வருகிறது. காடி என்பதற்கு உரைகாரர் ஊறுகாய் என்றே பொருள் கொண்டனர். அதே பாட்டில், வலைஞர் குடியிருப்பிலே சமைத்த அரிசிக் கூழை இரண்டு பகலும் இரண்டு இரவும் ஊற வைத்துக் கள்ளாக்குகிறார்கள். அது எதற்குள் ஊறுகிறது என்றால், வாய் வலிதான சாடிக்குள். நம் வீட்டில் இன்றைக்கும் நாம் சொல்லுகின்ற அதே சாடி என்ற சொல்தான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட உலர்ந்த குழல்மீனைக் கொடுக்கிறார்கள். ஆக, உப்பிட்டும் உலர்த்தியும் புளிக்க வைத்தும் உணவை நாளைக்கென்று காப்பாற்றும் வேலை நமக்குப் புதியதல்ல. நெய்தல் நிலத்துக்காரருக்கு அது தொழிலின் ஒரு பாதி.

நான் பிறந்த ஊர் கோமாரி. கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் பெருந்தெருவில், திருக்கோவிலைத் தாண்டித் தெற்கே சென்றால் வரும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. இந்தத் தீவின் கிழக்கு முனையான சங்கமன்கண்டி அதிக தூரத்தில் இல்லை. கச்சான் காற்று வீசும் கோடையில் மண்ணும் மரமும் காய்ந்து கிடக்கும். மாரி வந்துவிட்டாலோ கடல் குழம்பிவிடும், தோணி இறங்காது. மீன் நிறைந்த ஊரில் மீன் இல்லாத நாட்கள் அவை. அந்த நாட்களுக்குத்தான் கருவாடும், வற்றலும், உப்பில் போட்ட தேசிக்காயும்.

இலக்கண வகுப்பில் வினைத்தொகைக்கு உதாரணம் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் முதலில் சொல்லுவது ஊறுகாயைத்தான். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்தையும் விரிப்பார்கள். ஒரு முறை பத்தாம் வகுப்பில் ஒரு பையன் எழும்பி, "சேர், ஊறி முடிஞ்ச பிறகுதானே நாங்க சாப்பிடுறம். பிறகு எப்படி ஊறுகின்ற காய் எண்டு சொல்லுறது?" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துக்கொண்டது. அவன் வீட்டில் போத்தல் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கோடையில் போட்ட தேசிக்காய் ஒரு மாதத்தில் ஒரு நிறம், மாரி முடியும்போது வேறு நிறம், அடுத்த வருடம் கறுத்துக் கூழாகி வேறு சுவை. அது ஊறி முடிவதே இல்லை. இலக்கணம் சொன்னவர்கள் அடுக்களையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக் காத்து வைக்க நம் முன்னோர்க்குக் கிடைத்த கலங்கள் பல. மண்பானை, மூங்கிற் குழாய், பிற்காலத்தில் பளபளப்புப் பூசிய பீங்கான் சாடி. இந்தத் தீவின் வேடர்களுடைய முறை இன்னும் எளியது. கண்டி அரசில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் அதைக் குறித்திருக்கிறார். மரப்பொந்தினுள்ளே தேனை வார்த்து, அதற்குள் இறைச்சியைப் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து விடுவார்களாம். பஞ்ச காலத்தில் எடுத்து உண்பதற்கு. மரமே போத்தல், களிமண்ணே மூடி. தேனுக்குள் நுண்ணுயிர்க்கு வேண்டிய நீர் இல்லை என்பதை எந்த ஆய்வுகூடமும் சொல்லுமுன் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கண்ணாடி மட்டும் அடுக்களைக்குப் பிந்தித்தான் வந்தது. நாம் கண்ணாடியை அறியாதவர்கள் அல்லர். அரிக்கமேட்டிலும் நம் மாந்தையிலும் பழைய கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் கழுத்திலே கிடந்த பொருள் அடுப்படிக்கு இறங்க ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் சென்றது. விலைதான் காரணம். வாயால் ஊதிச் செய்த போத்தல் பணக்காரன் வீட்டுப் பண்டம். 1903ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் மைக்கல் ஓவன்ஸ் என்பவர் தானாகவே போத்தல் வார்க்கும் இயந்திரத்தை அமைத்த பின்பே அது ஏழை வீட்டுத் தட்டுக்கும் வரக்கூடிய விலைக்கு இறங்கிற்று.

அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், போத்தலுக்குள் உணவைக் காக்கும் வித்தையை உலகுக்குக் காட்டியவர் பிரான்சு நாட்டு மிட்டாய்காரர் நிக்கொலா அப்பேர். காய்கறியையும் இறைச்சியையும் கண்ணாடிப் போத்தலுக்குள் இட்டு, தக்கையால் இறுக அடைத்து, போத்தலோடு கொதிநீரில் வேக வைத்தார். மாதக்கணக்கில் பழுதாகவில்லை. 1810இல் பிரான்சு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்கு பரிசு கொடுத்தது, முறையை ஒளிக்காமல் நூலாக எழுதி வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவரும் எழுதினார். ஏன் பழுதாகவில்லை என்பது அவருக்கே தெரியாது. காற்றுப் போய்விட்டதால் என்று நினைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் உணவைக் கெடுக்கின்றன, வெப்பம் அவற்றைக் கொல்லுகிறது என்று லூயி பாஸ்டர் விளக்க இன்னும் அரை நூற்றாண்டு எடுத்தது.

அப்பேரின் தக்கைக்கு இருந்த தொல்லையைத் தீர்த்தவர் நியூயோர்க்கைச் சேர்ந்த தகரத் தொழிலாளி ஜோன் மேசன். போத்தலின் கழுத்திலேயே திருகுபுரியை வார்த்து, அதற்குமேல் நாகத்தகட்டு மூடியைத் திருகி இறுக்கும் முறைக்கு 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் அமெரிக்காவில் வீட்டுப் பதனச் சாடிக்கு அவருடைய பெயர்தான் பெயர். ஜேர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போய், வெக் என்ற நிறுவனத்தின் பெயரையே வினைச்சொல்லாக்கி விட்டார்கள். பழத்தைப் போத்தலில் அடைப்பதை "வெக்குதல்" என்பது போலச் சொல்லுகிறார்கள். ஒரு மொழிக்குள் ஒரு போத்தல் புகுந்து வினையடியாகிவிட்டது! தமிழாசிரியனுக்கு இதைக் காட்டிலும் சந்தோசம் வேறென்ன? ஆனால் மனம் நோகும் செய்தியும் உண்டு. அப்பேர் 1841இலும் மேசன் 1902இலும் வறுமையிலேதான் கண் மூடினார்கள். உலகத்தின் உணவைக் காத்துக் கொடுத்தவர்களுக்குத் தமக்கென்று ஒன்றும் காக்கத் தெரியவில்லை.

மேசன் சாடியை விலைகொடுத்து வாங்கிய வீடு எங்கள் பகுதியில் இருந்ததாக நான் காணவில்லை. நமக்கு வாய்த்தவை வேறு. ஹோர்லிக்ஸ் போத்தல், நெஸ்கபே போத்தல், எம்.டி. ஜாம் போத்தல். அந்த எம்.டி. என்ற இரண்டு எழுத்தும் பழைய விற்பனைத் திணைக்களத்தின் முதலெழுத்துகள்தாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. மாமைற் போத்தல் சிறிது, கருநிறம், இஞ்சித் தூளுக்குத் தோது. தேனும் நல்லெண்ணெயும் சாராயப் போத்தலில் வரும். முஸ்லிம் வீடுகளில் அந்தப் போத்தலை வாசலுக்குள் எடுக்க மாட்டார்கள், அவர்கள் தேனை வேறு போத்தலுக்கு மாற்றித் தரச் சொல்லியே வாங்குவார்கள். நோயாளிக்கென்று வாங்கிய ஹோர்லிக்ஸ் முடிந்ததும், "போத்தல் எனக்கு" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் மாமிமார் இருந்தார்கள். நோயாளி தேறினாரா என்பது அடுத்த கேள்வி.

அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் முஸ்லிம் நண்பர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனால் சஹனில் பிரியாணியோடு அச்சாறு வரும். அச்சாறு பாரசீகச் சொல், ஊறுகாய் தமிழ்ச் சொல். இரண்டும் ஒன்றல்ல. ஊறுகாயில் வேலை செய்வது உப்பும் வெயிலும், அச்சாற்றில் வேலை செய்வது வினாகிரி. நபிகளார் வினாகிரியை நல்ல தொடுகறி என்று பாராட்டியதாக ஹதீஸ் உண்டென்று என் சக ஆசிரியர் ஒருவர் சொல்லுவார், சொல்லிவிட்டு என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஊறுகாயை எடுப்பார். அவர் வீட்டு அச்சாறு எனக்கு வரும். எங்கள் இரு வீட்டுப் போத்தல்களும் எது யாருடையது என்று தெரியாதபடி கலந்து போய்விட்டன.

உப்பு எப்படிக் காக்கிறது என்பதை விஞ்ஞான ஆசிரியர் சொன்னால் நன்று. நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்லுகிறேன். பிளந்த தேசிக்காய்க்குள் உப்பை அடைத்தால், பிரசாரண முறையில் காயினுள் இருக்கும் நீர் வெளியே வருகிறது. நுண்ணுயிரின் உடம்பிலிருந்தும் நீர் இழுபடுகிறது. அது பெருக வழியில்லை. தேசிக்காயின் சித்திரிக்கமிலம் வேறு அதற்குப் பகை. இவ்வளவு உப்பையும் புளிப்பையும் அலுமினியம், பித்தளை, இரும்பு எதுவும் தாங்காது. அரிபட்டு உணவோடு கலந்துவிடும். கண்ணாடி ஒன்றுதான் எதையும் கொடுப்பதுமில்லை, எதையும் எடுப்பதுமில்லை. நேற்று மீன் அச்சாறு இருந்த போத்தலைக் கழுவி இன்று சீனி போடலாம். பிளாஸ்டிக் போத்தலில் போட்டுப் பாருங்கள், தேத்தண்ணி சொல்லிக் கொடுத்துவிடும்.

கண்ணாடியின் இன்னொரு நன்மை, உள்ளே நடப்பது வெளியே தெரிகிறது. பீங்கான் சாடிக் காலத்தில் அது மறைபொருள். பூஞ்சணம் பிடித்தது திறந்த பிறகே தெரியும். அதனாலோ என்னவோ சாடியைச் சுற்றி ஏராளமான சட்டங்கள். ஈரக்கை படக்கூடாது, செவ்வாய் வெள்ளியில் திறக்கக் கூடாது, மாதவிலக்கான பெண்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. என் அம்மம்மா இந்தக் கடைசிச் சட்டத்தில் மிகக் கண்டிப்பு. ஊறுகாய் கெட்டால் வீட்டில் யார் கை பட்டது என்று விசாரணை நடக்கும், அகப்படுவது ஒரு பெண்பிள்ளையாகவே இருக்கும். எனக்கு இது எக்காலத்திலும் ஒப்பானதில்லை. கெடுத்தது ஈரக்கரண்டி, குற்றவாளிக் கூண்டில் நின்றது பதினைந்து வயதுப் பிள்ளை. ஈரக்கை என்ற முதலாவது சட்டத்தில் முழு விஞ்ஞானமும் இருக்கிறது, மற்றவை அதன்மேல் ஏறிய பூஞ்சணம். என் மகளிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "கையைத் துடைச்சுப்போட்டு எந்த நாளிலும் எடு, மனே." மூன்று வருடமாக எடுக்கிறாள். போத்தல் தெளிவாகத்தான் இருக்கிறது.

1990ஆம் ஆண்டு யுத்தம் மறுபடி மூண்டபோது கோமாரியை விட்டு வெளிக்கிட்டோம். நான் சிறுவன். வீடுகளை விட்டு வடக்கே திருக்கோவில் பக்கம் போன சனங்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அரிசிச் சாக்கு, பிறப்புச் சான்றிதழ், ஒரு சாமிப் படம். அம்மம்மா சீலையில் சுற்றிக் கொண்டுவந்தது ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் உப்புத் தேசிக்காய். அம்மா ஏசினா. பாதி வழியில் உடைந்துவிடும் என்றா. உடையவில்லை. பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த நாட்களில் கஞ்சிக்கு அதுதான் கறி. முன்பின் தெரியாத பிள்ளைகளும் கோப்பையோடு அம்மம்மாவின் முன்னால் வந்து நிற்பார்கள். அவ ஒரு தேசிக்காயை எட்டாகக் கிழித்துக் கொடுப்பா. காய் முடிந்த பிறகு அடியில் கிடந்த உப்பு நீரைக் கஞ்சிக்குள் விட்டுக் கொடுத்தா. அந்தப் போத்தல் திரும்பவும் எங்களோடு ஊருக்கு வந்தது.

2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டந்தான், 10,000க்கும் மேற்பட்டோர். கோமாரி கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கும் ஊர். அது பட்ட பாட்டை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. எங்கள் மாமி ஒருவரும் அதில் போய்விட்டா. கார்த்திகையில் அவ அம்மாவுக்கு ஒரு போத்தல் ஊறுகாய் போட்டுக் கொடுத்திருந்தா. அம்மா அப்போது அக்கரைப்பற்றில் என்னோடு இருந்தபடியால் அந்தப் போத்தல் தப்பிற்று. மாமியின் கையால் ஆன பொருள் என்று உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். அவ வீடும் இல்லை, உடுபுடவையும் இல்லை, படமும் இல்லை. அம்மா அதைத் தட்டின் மேலே வைத்துவிட்டா. திறக்கவும் இல்லை, எறியவும் இல்லை. முப்பத்தோராம் நாள் படையலுக்கு மாமியின் மகன் வந்திருந்தான். இலையில் எல்லாம் வைத்த பிறகு, அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தானே தவிர ஒன்றும் கேட்கவில்லை. அம்மா எழும்பிப் போத்தலை இறக்கித் திறந்து, முதலில் படையலுக்கு ஒரு துண்டு, பிறகு அவன் இலைக்கு ஒரு துண்டு வைத்தா. அவன் அதைச் சோற்றோடு பிசையாமல் தனியே தின்றான். மிச்சத்தைப் போத்தலோடு அவனிடமே கொடுத்துவிட்டா.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தேசிக்காயும் மாங்காயும் புளிப்பு உள்ளவை, ஆகையால் பயமில்லை. அதைப் பார்த்துவிட்டு மீனையும் இறைச்சியையும் அவித்துப் போத்தலில் அடைத்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அது உயிருக்கு ஆபத்து. பொட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் ஒரு வகைப் பற்றீரியா காற்றில்லாத இடத்தில்தான் பெருகும். அதன் வித்திகள் 100 பாகை செல்சியஸ் கொதிநீரிலும் சாவதில்லை. அமுக்கத்தின் கீழ் 121 பாகை வரை சூடாக்கும் தொழிற்சாலை முறை அதற்குத் தேவை. மணத்திலோ நிறத்திலோ வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம். அமிலத்தன்மை போதிய அளவு இருந்தால், அதாவது பிஎச் பெறுமானம் 4.6க்குக் கீழே இருந்தால், அது தலையெடுக்காது. மீன் அச்சாறு போடுகிறவர்கள் வினாகிரியில் கருமித்தனம் பார்க்க வேண்டாம், குளிர்ப்பெட்டியில் வைத்துக் கெதியில் சாப்பிட்டு முடியுங்கள். மீனை நெடுநாள் வைக்க வேண்டுமானால் நம்மிடம் கருவாடு இருக்கவே இருக்கிறது.

குளிர்ப்பெட்டி என்றதும் 2022 நினைவுக்கு வருகிறது. அந்த வருடம் பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போயிற்று. குளிர்ப்பெட்டிக்குள் இருந்த மீனும் இறைச்சியும் ஒரே நாளில் நாறின. மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்தன. அப்போது எங்கள் தெருவில் நான் கண்டது, முற்றத்துப் பாயில் மறுபடி தேசிக்காயும் மாங்காய்க் கீற்றும் பாவற்காயும் காய்ந்ததைத்தான். முப்பது வயதுப் பெண்கள் எழுபது வயதுக்காரரிடம் உப்புக் கணக்குக் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். "கண்ணளவுதான் மகள்" என்று பதில் வரும். அந்தக் கண்ணளவை எழுதி வைக்க எவருக்கும் முடியவில்லை.

ஆனால் போத்தலுக்குத்தான் தட்டுப்பாடு. ஹோர்லிக்ஸும் ஜாமும் பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டன. கடல்கோளுக்குப் பிறகு நிவாரணமாக வந்த வாளியும் டப்பாவும் பிளாஸ்டிக். அந்த நேரம் உடையாத பொருள் தேவைப்பட்டது, அதில் குறை சொல்ல நியாயமில்லை. எறிந்த பிளாஸ்டிக் எங்கே போகிறது என்பதற்கு வெகுதூரம் பார்க்க வேண்டாம். எங்கள் மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் அதைத் தின்று எட்டு வருடத்தில் இருபதளவு யானைகள் செத்ததாக 2022 தை மாதத்தில் செய்தி வந்தது. கண்ணாடியை எறிந்தாலும் உருக்கலாம். நாத்தாண்டிப் பக்கத்து வெண்மணலில் இருந்து ஹொரணையில் போத்தல் வார்க்கும் ஆலை இந்த நாட்டிலேயே இருக்கிறது, உடைந்த போத்தலும் அதற்கு மூலப்பொருள்தான்.

போத்தல் போடுகிறவர்களுக்கு இரண்டொரு கைவழக்கம் சொல்லி முடிக்கிறேன். போத்தலை நீரில் கொதிக்க வைக்கும்போது சட்டியின் அடியில் ஒரு துணியையோ சாக்குத் துண்டையோ போடுங்கள், நேரடிச் சூடு பட்டால் வெடிக்கும். சூடான பாகைக் குளிர்ந்த போத்தலுக்குள் ஊற்றாதீர்கள். எடுத்துத் துடைப்பதிலும் வெயிலில் கவிழ்த்து உலர்த்துவது மேல். எண்ணெய் ஊறுகாயானால் காய்க்கு மேலே ஒரு விரற்கடை எண்ணெய் நிற்க வேண்டும், அதுவே ஒரு மூடி.

உண்மையான மூடிதான் சிக்கல். உப்பு தகர மூடியை ஆறு மாதத்தில் தின்றுவிடுகிறது. அம்மம்மாவின் ஹோர்லிக்ஸ் போத்தல் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, மூடி மட்டும் எத்தனையாவதென்று தெரியாது. போன மாதம் கல்முனைச் சந்தையில் பழைய போத்தல் வியாபாரி ஒருவரிடம் கேட்டேன். அவர் போத்தலைக் கையில் வாங்கி, கழுத்துப் புரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "போத்தல் எத்தனையும் தாறன் சேர். இந்தப் புரிக்கு மூடி ஆரும் செய்யிறல்ல இப்ப" என்றார். ஒரு கடுதாசியில் வாயின் அளவை வட்டமாகக் கீறி எடுத்துக்கொண்டார். வந்தால் சொல்லி அனுப்புவாராம். இப்போதைக்கு வாழைச்சருகை மடித்து வைத்து, மேலே சீலைத்துண்டால் இறுகக் கட்டி வைத்திருக்கிறோம்.